உட்பிரிவு ஈ

மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறும்போதே
பைக்குள் வரைவு விதிகள், பன்னிரண்டு பக்கம்,
ஸ்டேப்ளர் முள் ஒரு மூலையில் துருத்திக்கொண்டு.
மரபணு ஆலோசகர் என்று இனி
உரிமம் இல்லாமல் யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாதாம்.
நல்லதுதான்.
ரெட்டிச்சாவடி வரை அதையே நினைத்து வந்தேன்,
நல்லதுதான்.

முள்ளோடையில் எதிர்த்திசைப் பேருந்தை நிறுத்தி
பைகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.
பாட்டிலுக்கு எல்லை உண்டு.
கடலூரில் பெண் எடுத்த பாகூர் வீடுகளில்
எது எந்தப் பக்கத்து ரத்தம் என்று
எந்தக் காவலர் கேட்கப்போகிறார்?

ஏழாம் பக்கம். யார் யாருக்கு விலக்கு.
அ: மருத்துவர்கள், தம் தொழிலுக்குட்பட்டு.
ஆ: மேற்பார்வையில் பயிலும் மாணவர்கள்.
இ: வெளி மாநிலத்திலிருந்து
ஆண்டுக்குப் பத்து நாள் மிகாமல் வருபவர்கள்.
தினமும் எல்லை தாண்டுகிற நான்
இ-க்குள் நுழைந்தால் இரண்டாம் வாரமே வெளியே.
ஈ: ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள்,
மார்ச் முப்பத்தொன்று வரை மட்டும்.

ஈ நான்தான்.
விரட்டும் வரை உட்கார்ந்திருக்கலாம்.

பட்டியலில் இல்லாதவர்களையும் தேடிப் பார்த்தேன்.
பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்ற
திருப்பாதிரிப்புலியூர் ஜோசியர் இல்லை.
சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று
தாம்பூலத் தட்டை நகர்த்தி வைத்த பெரியப்பா இல்லை.
குழந்தை வெளுக்கிறதா, மண் தின்றிருக்கும் என்று
பூச்சி மருந்து கொடுத்த மருந்துக்கடைப் பையன் இல்லை.
உரிமமே கேட்காத இடத்தில்
விலக்கு எதற்கு?

என் அறை ரத்த வங்கிக்கு எதிரே.
உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கியிருந்த அறை,
இன்னும் ஒன்று மூலையில் நிற்கிறது.
அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள் நிவிஷா,
நான்கு வயது, மூன்று வாரத்துக்கு ஒரு பை ரத்தம்.
பூவராகனுக்கு அக்கா மகள் தையல்நாயகி.
அவள் வயிற்றில் இப்போது பதினோரு வாரம்.

ரத்தம் எடுக்கும் குழாய்களின் மூடிகளைப் பரப்பினேன்.
இரண்டு சிவப்பு, இரண்டு ஊதா. ஊதாதான் பழுது.
உங்ககிட்ட ஒரு சிவப்பு ஒரு ஊதா,
அவர்கிட்டயும் அப்படியே.
பிள்ளைக்கு ஆளுக்கு ஒண்ணு போகும்.
ரெண்டும் ஊதாவா போனா...
முடிக்கவில்லை, அவளே சொன்னாள்:
“நாலுல ஒண்ணு. அது நிவிஷா வந்துட்டா.
இனி மூணும் நல்லதுதான மேடம்?”
இல்லைம்மா.
ஒவ்வொரு தடவையும் நாலும் முதல்ல இருந்து.

ஒன்பது வருடமாகச் சொல்கிறேன் இந்த வாக்கியத்தை.
முத்திரை குத்தினாலும் இதன் எடை குறையாது.

“வேற எடத்துல கட்டியிருந்தா?”
என்றார் பூவராகன், மூடிகளைப் பார்த்தபடி.
தையல் அவரைப் பார்த்தாள்.
பன்னிரண்டு பக்கத்திலும் அதற்குப் பதில் கிடையாது.

“இதெல்லாம் விதியா மேடம்?”
பை என் காலருகே இருந்தது.
அரசாங்கமும் தலையெழுத்தும்
ஒரே சொல்லில் ஒட்டுக்குடித்தனம்.
விதி அல்லம்மா, என்றேன். பரிசோதனை இருக்கிறது.
வருகிற புதன்கிழமை ஊசி,
முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள்.
அப்புறம் என்ன செய்வதென்று நீங்கள் இருவரும்தான்.

“அன்னிக்கு நீங்க இருப்பீங்கதான?”

சுவரில் காலண்டர். எண்ணிப் பார்த்தேன்.
ஏப்ரல் ஐந்து, ஆறு.
இருப்பேன், என்றேன்.
எந்த உட்பிரிவின் கீழ் என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது
மூடிகள் மூன்றே.
ஒரு ஊதா குறைகிறது.
நிவிஷாவின் கைக்குள் இருக்கும்.
இந்நேரம் முள்ளோடை தாண்டியிருக்கும்,
யாரும் தடவிப் பார்க்காமல்.